சிமெண்ட் பூசிய கரை

காலையில் காசிநாதன் கேட்டைத் திறந்தபோது மதில் மேல் ஏழு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஏழும் கடையில் தண்ணீர் விற்கிற பிளாஸ்டிக் பாட்டில்கள். எல்லாவற்றிலும் கழுத்து வரை தண்ணீர். முதல் பாட்டிலின் அடியில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு மண் படிந்திருந்தது. அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஏழாவதில் இரண்டு விரல் உயரம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே புளிய மரத்தடியில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீரம்மாள் உட்கார்ந்திருந்தாள். காசிநாதன் கட்டிய ஏரியின் கரைக்குக் கீழே முதல் வயல் அவளுடையது. அதைத் தாண்டினால் ஓடைத்தெரு, பதினான்கு வீடுகள். காசிநாதன் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்தில் அவளும் அவரும் ஒருநாள்கூட நல்லபடியாகப் பேசிக்கொண்டதில்லை.

"யாரு வெச்சது இத?"

"நாந்தான். போன செவ்வாக்கெழமையிலேருந்து ஒரு நாளைக்கு ஒண்ணாப் புடிச்சது."

"ஏன், என் மதிலு என்ன பொட்டிக்கடையா?"

வீரம்மாள் எழுந்து வந்தாள். "கண்ணு தெரியுதுல்ல சிமெண்ட்டுக்காரரே? இது என் வயல்ல வர்ற ஊத்துத் தண்ணி. என் வயலு கரிசலு. அடியில கெடக்கறது செம்மண்ணு. செம்மண்ணு எங்க இருக்கு? மலையடியிலேருந்து லாரி லாரியா அடிச்சுப் போட்டியே, ஒங் கரையில இருக்கு. உள்ளுக்குள்ள அரிக்குதுய்யா."

"மாடு எறங்கிக் கலக்கியிருக்கும்."

"ஆமா, ஏழு நாளும் மணி பாத்து எறங்குது."

காசிநாதன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "இந்தாம்மா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அந்த ஊத்து மொதமொதல்ல வந்தப்ப என்ன பண்ணுன? யாருக்கும் சொல்லாம வாய்க்கா வெட்டி வெங்காயத்துக்குப் பாச்சிக்கிட்டல்ல? அப்ப அது சாமி குடுத்த தண்ணி. இப்ப நான் கெடுத்த தண்ணியா?"

அவள் தலையில் இருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாச்சினேன். தெளிவா வந்துச்சு, பாச்சினேன். இப்பச் சேறா வருது, வந்து நிக்கிறேன். எம் புத்திக்கு அப்பத் தெரியல. ஒமக்கு இப்பவும் தெரியல."

அவர் கையில் இருந்த குடையால் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். ஏழும் சாக்கடைக்குள் உருண்டன. வீரம்மாள் தடுக்கவில்லை. கடைசிப் பாட்டில் விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எட்டாவத நேத்தே வேப்பந்தட்டைக்குப் போயி பொதுப்பணி ஆபீசுல குடுத்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

காசிநாதன் அரியலூர்ப் பக்கத்து ரெட்டிபாளையத்துக்காரர். முப்பத்தோரு வருஷம் சிமெண்ட் ஆலையில் உலைக்குக் கல் பதிக்கிற வேலை. சிமெண்ட் வேகிற உலை பெரிய இரும்புக் குழாய் மாதிரி படுத்துக் கிடக்கும், ஓயாமல் சுழலும். அதன் உள்பக்கம் முழுக்க நெருப்புக்கல் பதித்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை உலையை அணைத்து ஆறவிடுவார்கள். முழுக்க ஆறுவதற்கு முன்பே காசிநாதன் உள்ளே போய்விடுவார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான கல் 'ணங்' என்னும். பின்பக்கம் விட்டுப்போன கல் 'தொப்' என்னும். தொப் என்று சொன்ன இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அவர் வட்டம் போட்டால் பெரிய என்ஜினீயரும் மறுத்துப் பேச மாட்டார். அவர் வட்டம் போடாத இடத்தில் ஒருநாளும் கல் விழுந்ததில்லை.

அந்த வெக்கையில் நிற்கும்போதெல்லாம் அவர் தண்ணீரை நினைத்துக்கொள்வார். குடிக்கிற தண்ணீரை இல்லை. அகலமான, அசையாத, வானம் முழுவதும் உள்ளே இறங்கிக் கிடக்கிற தண்ணீரை. அதன் ஓரத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் தான். கண் இமை கருகுகிற சூட்டிலும் அந்த நாற்காலியின் கால்கள் ஈர மண்ணில் லேசாக அழுந்துவது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் பச்சைமலை அடிவாரத்தில் நிலம் வாங்கினார். மலையிலிருந்து இறங்குகிற ஓடைக்குக் குறுக்கே கரை போட்டார். காகிதத்தில் அது பண்ணைக்குட்டை. அளந்தால் நூற்றிருபது அடி நீளம், பதினாறு அடி உயரம். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக இடதுகோடியில் பாறை மேல் ஒரு கலிங்கு கட்டினார். அடியில் மடை வைக்கவில்லை. தண்ணீரை வெளியே விடுவதற்காகவா ஒருவன் ஏரி கட்டுவான் என்று கேட்டார். ஏரி நிறைந்ததும் மிதித்து ஓட்டுகிற படகு ஒன்று வாங்கிவிட்டார். படகு படித்துறையில் தரை தட்டியது. கலிங்கின் மேல் இரண்டு வரிசை சிமெண்ட் கல் வைத்துக் கட்டி நீர்மட்டத்தை இரண்டடி ஏற்றினார். அதற்கப்புறம் படகு தரை தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து படகில் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் வந்தால் விரட்டினார். மாடுகள் வந்தால் கல்லெறிந்தார். துணி துவைக்க வந்த பெண்களிடம் ஆலைக்குள் கத்துகிற குரலில் கத்தினார். ஊர் அவரை வெறுத்தது. அவரும் ஊரை வெறுத்தார். ஏரி மட்டும் நடுவில் அழகாகக் கிடந்தது.

போன சித்திரையில் கரையின் வெளிப்பக்கம், பாதி உயரத்தில், பாய் அகலத்துக்கு ஈரம் தட்டியது. தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து இறங்கியது. காசிநாதனுக்கு இதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. கம்பி வலை அடித்தார். இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலந்து, பன்னிரண்டு அடிக்கு எட்டடி, நான்கு விரல் கனத்தில், தன் கையாலேயே பூசினார். மூன்றாம் நாள் ஈரம் நின்றுவிட்டது. சிமெண்ட் ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று கண்ணகியிடம் சொன்னார். கண்ணகி அவருடைய மனைவி. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, "நின்னுடுச்சா, இல்ல வேற வழி பாத்துக்கிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டாள். அவர் அதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஆவணியில் வீரம்மாள் வயலில் ஊற்று வந்தது.

பாட்டில்கள் சாக்கடைக்குப் போன மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மலை தெரியவில்லை, ஓடையின் இரைச்சல் மட்டும் வீட்டுக்குள் கேட்டது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு வானம் வெறித்தது. கேட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதன் பின்னால் ஓடைத்தெரு முழுக்க வந்திருந்தது. அவர்களுக்கும் பின்னால் மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அதை ஓட்டியவன் வீரமணி, வீரம்மாளின் மகன்.

ஜீப்பிலிருந்து இறங்கியது இளவயதுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அட்டையில் செருகிய தாள்கள். "நான் உதவிப் பொறியாளர், பிரவீணா. கரையப் பாக்கணும் சார்."

"பாருங்க. தாராளமாப் பாருங்க. இந்தப் பட்டாளம் எதுக்கு?"

"நாங்க சும்மா வேடிக்க பாக்க வந்தோம் பெருசு," என்றான் வீரமணி மேலேயிருந்து. "ஞாயித்துக்கெழம ஒங்க சொந்தக்காரவுங்க வர்றாங்கல்ல, அந்த மாதிரி."

கூட்டம் சிரித்தது. காசிநாதன் அவனைப் பார்க்காமல் கரைமேல் ஏறினார்.

ஏரி விளிம்பு வரை நிறைந்திருந்தது. கலிங்கின் மேல் அவர் வைத்த கற்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் கண்ணாடித் தகடாக வழிந்தது. மழை கழுவிய வானமும் மலையின் நீலமும் அப்படியே உள்ளே கிடந்தன. இவ்வளவு பேர் கூச்சலுக்கு நடுவிலும் அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இதைப் போய் ஆபத்து என்கிறார்கள்.

பிரவீணா கரை நெடுக நடந்தாள், கீழே இறங்கி ஊற்றைப் பார்த்தாள், கலிங்கைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சுருங்கியிருந்தது.

"கலிங்க ஏத்திக் கட்டியிருக்கீங்க. மேல இன்னும் மழை இருக்குன்னு சொல்றாங்க. அந்தக் கல்ல எடுத்துட்டுத் தண்ணிய எறக்கிடலாம் சார்."

"ரெண்டு வரி கல்லுதானம்மா."

"ரெண்டு வரி இல்ல சார். எறக்குறதுன்னா முழுசா எறக்கணும். கலிங்கையே பாறை மட்டத்துக்கு ஒடைக்கணும். கரைய ஆராய்ச்சி பண்ணித் திருத்தற வரைக்கும் தண்ணி நிக்கக் கூடாது."

"எவ்வளவு நாளு?"

"சொல்ல முடியாது."

"அதாவது, ஏரி கெடையாது."

கூட்டத்தில் ஒருத்தர் கைதட்டினார். காசிநாதன் திரும்பினார். "தட்டுடா, நல்லாத் தட்டு. ஒருத்தன் நல்லா இருந்தா ஒங்களுக்குப் பொறுக்காதுல்ல? அந்த ஓடை இருவது வருஷமாக் காஞ்சு கெடந்துச்சு, அப்ப எங்கடா போனீங்க? ஒரு கூடை மண்ணு போட்டீங்களா?"

"காஞ்சு கெடந்துச்சு, நாங்க தூங்குனோம்," என்றாள் வீரம்மாள். "நீ வந்து கட்டுன, இப்ப எம் மருமவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாலு நாளாக் கோயில்ல படுத்திருக்கா."

"நானா போகச் சொன்னேன்?"

பிரவீணா குறுக்கே கையை நீட்டினாள். "சண்ட வேணாம்." அவள் பூச்சைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கும் நிச்சயம் இல்லை என்பது காசிநாதனுக்குத் தெரிந்தது. ஆலைக்குப் புதிதாக வருகிற என்ஜினீயர்கள் உலையைப் பார்க்கும்போது இப்படித்தான் நிற்பார்கள். "சார், இன்னிக்கு என்கிட்ட கருவி எதுவும் இல்ல. பத்து நாள்ல எங்க மேலதிகாரி குழுவோட வருவாரு. இந்தப் பூச்சும் பின்னாடி இருக்கற மண்ணும் கெட்டியா இருக்குன்னு எனக்கு நம்பிக்கை வந்தா, அதுவரைக்கும் மேல ஏத்துன கல்ல மட்டும் எடுக்கச் சொல்லி எழுதிட்டுப் போறேன். இல்லேன்னா இன்னிக்கே ஒடைக்கணும்."

பத்து நாள். பத்து நாளில் மழை நின்றுவிடும். அரியலூரில் அவருக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். மேலதிகாரியிடம் பேச வழி பார்க்கலாம். ஏரி தப்பிவிடும்.

"கருவி எதுக்கும்மா?" என்றார். "கருவி என் காதுல இருக்கு."

வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். பிடி கறுத்து வழவழத்துப்போன சின்னச் சுத்தியல். கரைச்சரிவில் கவனமாக இறங்கிப் பூச்சுக்கு முன்னால் நின்றார். கூட்டம் கீழே வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தது.

"பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு மேல் மூலையில் தட்டினார்.

ணங்.

"கேட்டுச்சா? இது முப்பத்தோரு வருஷக் கையி." ஒரு முழம் தள்ளித் தட்டினார். ணங். இன்னும் ஒரு முழம். ணங். அவருக்கு உற்சாகம் பிறந்தது. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையை நடுப்பக்கம் கொண்டுபோய்த் தட்டினார்.

தொப்.

சத்தம் மெலிதுதான். பிரவீணா தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வீரமணியின் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது சத்தமாகவே பட்டிருக்காது.

காசிநாதன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இடது பக்கம் ஒரு சாண் தள்ளித் தட்டினார். தொப். கீழே. தொப். வலது பக்கம் இரண்டு முழம். தொப். காதைப் பூச்சின் மேல் வைத்தார். சிமெண்ட் சில்லென்றிருந்தது. அதற்குப் பின்னால், வெகு அருகில், யாரோ வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம்.

தட்டிக்கொண்டே அதன் ஓரத்தைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டில் அளவு இருந்தது. கையில் சாக்பீஸ் இல்லை. இருந்திருந்தால் கை தானாக வட்டம் போட்டிருக்கும்.

"என்ன சார்?" என்றாள் பிரவீணா கீழேயிருந்து. "நல்லாத்தான இருக்கு? எழுதிடட்டுமா?"

எழுதிடும்மா என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் தலைக்குமேல் கரை, கரைக்கு அந்தப் பக்கம் ஏரி, அதில் மலையும் வானமும். கீழே அவர் வெறுத்த ஒவ்வொரு முகமும் வரப்பில் வரிசையாக நின்றது. இந்த முகங்களுக்கு முன்னால் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று நிற்பதைவிட உலைக்குள்ளேயே படுத்துவிடலாம். பத்து நாள் தாங்காதா? இத்தனை நாள் தாங்கியிருக்கிறதே.

கை மறுபடி ஒருதரம் தட்டியது. அவர் சொல்லித் தட்டவில்லை. தொப்.

"எழுதாத," என்றார். "எழுதாதம்மா. உள்ள பொந்தா இருக்கு. பின்னாடி மண்ணு இல்ல. எல்லாரும் வயல விட்டு ஏறுங்க. மேட்டுக்கு ஏறுங்க."

யாரும் நகரவில்லை.

"என்னய்யா இது புதுக் கத?" என்றாள் வீரம்மாள். "ஏழு நாளு தண்ணி புடிச்சுக் காட்டுனேன், மாடுன்ன. கெட்டின்ன. இப்ப ரெண்டு தட்டு தட்டிட்டுப் பொந்துங்கற?"

"ஆமா, பொந்துங்கறேன்."

"அம்மா, விசயம் புரியலயா ஒனக்கு?" வீரமணி எந்திரத்திலிருந்து கத்தினான். "கலிங்க ஒடச்சா தண்ணி எங்க போவும்? இந்தாளு ஓடைய வளச்சுக் குறுக்கி வெச்சிருக்காருல்ல, அத்தனையும் நம்ம வெங்காயத்துலதான் ஏறும். ஏரி போறதுதான் போவுது, இவளுதும் போவட்டும்னு பாக்கறாரு."

கூட்டத்தில் பலருக்கு அது சரியாகப் பட்டது. தலைகள் ஆடின.

"நான் பொய் சொல்றேனா?" காசிநாதன் கத்தினார். இத்தனை நாள் அவர் பொய் சொன்னபோது இவர்கள் நம்பவில்லை. இப்போது உண்மையைச் சொன்னாலும் நம்பவில்லை. "டேய், என் ஏரிடா இது. நானே ஒடைங்கறேன். எவனாவது வெளையாட்டுக்குச் சொல்லுவானா?"

"பொந்தா இல்லையான்னு இப்பப் பாத்துடுவோம்." வீரமணி எந்திரத்தை முன்னால் விட்டான். அதன் இரும்புக் கை உயர்ந்து, பல் தெரிய, பூச்சை நோக்கி நீண்டது. "ஒரு போடு போட்டா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுடப்போவுது."

காசிநாதன் சரிவில் குறுக்கே பாய்ந்து பூச்சின் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். "முட்டாப் பயலே! இத ஒடச்சா அவ்வளவுதான். இந்தத் தகடு ஒண்ணுதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. தொட்டேன்னா ஒன் ஆத்தா, நீயி, நானு, அந்தத் தெரு, ஒண்ணும் மிஞ்சாது. அங்க போ. கலிங்குக்குப் போ!"

இரும்புக் கை அவர் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதிலிருந்து சேறு சொட்டியது. வீரமணி அவர் கண்ணைப் பார்த்தான். அந்த ஆள் தன்னை ஏசுவதை அவன் ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறான். அவர் நடுங்குவதை இப்போதுதான் பார்க்கிறான்.

எந்திரம் பின்னால் நகர்ந்தது.

"வீரமணி, கலிங்குக்குப் போங்க," என்றாள் பிரவீணா. அவள் குரலில் இருந்த தயக்கம் போயிருந்தது. "மத்தவுங்க மேட்டுக்கு ஏறுங்க. இது உத்தரவு."

இப்போது வீரம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மணி நேரம் குடுங்க. நட்டு அறுவது நாளாச்சு. எல்லாருமா எறங்கிப் புடுங்கிட்டா மிச்சமாவும். விதைக்காயே அதுலதான் எடுக்கணும்."

"ரெண்டு நிமிசம் கெடையாது," என்றார் காசிநாதன்.

"ஒனக்கென்னய்யா, சொல்லுவ. ஒனக்கு மெதக்கறதுக்கு ஏரி. எனக்குத் திங்கறதுக்கு வெங்காயம்."

"ஏறுடி மேல!"

"டி போடாத!" அவள் கட்டியாக மண்ணை அள்ளி அவர் மேல் எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு உதிர்ந்தது. அவர் சரிவிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் விடவில்லை. அறைய அறைய இழுத்துக்கொண்டே போனார். இரண்டு பெண்கள் ஓடி வந்து வீரம்மாளை மறுபக்கம் பிடித்துக்கொண்டார்கள். மேட்டில் ஏறியதும் எல்லோரும் கலிங்கின் பக்கம் பார்த்தார்கள். அங்கே வீரமணி எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எந்திரத்தின் கைப்பிடியை இழுத்தான்.

முதலில் இரண்டு வரிசைக் கற்கள் போயின. பிறகு கலிங்கின் சுவர் பாறை மட்டம் வரை உடைந்தது. அடியில் பாறை இருந்ததால் அரிப்பு இல்லை. தண்ணீர் ஒரேயடியாகப் பாயாமல், தடித்த சேலை அவிழ்வது மாதிரி இறங்கியது. குறுகிய ஓடை ஒரு மணி நேரம் தாங்கியது. அப்புறம் வரப்பு மேல் ஏறியது. வெங்காயத் தாள்கள் பச்சையாகத் தலையை ஆட்டின, வளைந்தன, மறைந்தன. வீரம்மாள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் ஒவ்வொரு வசவாக, நிதானமாக, காசிநாதனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய சாதிசனம், ஆலை, படகு, அவர் பிறந்த நேரம் ஒன்றையும் விடவில்லை. அவரும் பத்தடி தள்ளி நின்று பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் ஏரியில் இருந்தது. ஓரங்களில் சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பட்டை அகலமானது. மலை தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளியேறியது.

மூன்று மணிக்கு நீர்மட்டம் பாறைக்கு வந்து, கரையின் பாதி உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போதுதான் அது நடந்தது. யாரும் தொடவில்லை. பன்னிரண்டு அடிக்கு எட்டடிப் பூச்சு நடுவில் ஒரு விரிசல் விட்டது, உள்வாங்கியது, கம்பி வலையோடு அப்படியே வழுக்கிக் கீழே வந்து விழுந்தது. விழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எழும்பின.

பின்னால் ஒரு குகை இருந்தது. ஆள் குனிந்து உள்ளே போகலாம். அதன் கோடியில் வெளிச்சம் தெரியவில்லை. வாயிலிருந்து சிவப்புச் சேறு கொழகொழவென்று இறங்கி நின்றது. பின்னால் தள்ள இனித் தண்ணீர் இல்லை.

கூட்டம் அதைப் பார்த்தது. வசவு நின்றுவிட்டது. ஒரு பெண் தன் குழந்தையின் தலையை இழுத்து அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வீரமணி எந்திரத்தை அணைத்தான். அப்போதுதான் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிரவீணா ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்தாள். "கையெழுத்து வேணும் சார். உங்க சம்மதத்தோடதான் ஒடச்சோம்னு. காரணம்னு ஒரு இடம் இருக்கு. கனமழைன்னு போட்டுக்கலாம்."

காசிநாதன் பேனாவை வாங்கினார். மெதுவாக, ஆலையில் வேலைக்குறிப்பு எழுதுகிற பெரிய எழுத்தில் எழுதினார்.

"என்ன எழுதற?" என்றாள் வீரம்மாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. எதுவானாலும் சத்தமாப் படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஒனக்கு எதுக்கு நான் படிக்கணும்?"

"படிய்யா."

அவர் தாளைக் கையில் எடுத்தார். இந்த ஊரில் மாடுகளை விரட்டவும் பிள்ளைகளை விரட்டவும் வைத்திருந்த அதே குரலில் படித்தார்.

"கரையின் வெளிப்பக்கம் ஏற்பட்ட கசிவை நான் சிமெண்ட் பூசி அடைத்தேன். வெளியே வர வழியில்லாமல் தண்ணீர் உள்ளே மண்ணை அரித்துவிட்டது. கீழ் வயல்காரர் வீரம்மாள் ஏழு நாள் தண்ணீர் பிடித்து அடையாளம் காட்டியும் நான் கேட்கவில்லை. இந்த இடத்தில் இனி நான் தண்ணீர் தேக்க மாட்டேன். இப்படிக்கு, காசிநாதன்."

படித்து முடித்துத் தாளை ஜீப்பின் மேல் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்கச் சுத்தியலை அதன் மேல் வைத்தார்.

வீரம்மாள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். "இன்னும் கொஞ்ச நேரம் கெடந்தா அத்தனையும் அழுகிடும்" என்று மகனிடம் சொல்லிவிட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வீரமணி இறங்கினான். ஓடைத்தெரு முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையைச் சேற்றுக்குள் விட்டு வெங்காயத்தைத் தேட ஆரம்பித்தது. பிரவீணாகூடப் பூட்ஸோடு வரப்பு வரைக்கும் போய் நின்றாள்.

காசிநாதனை யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை.